கோயிலில் நின்றாலும் மனம் ஆபீஸில்: ஒரு தங்கைக்குப் பதில்

கேள்வி கேட்ட தங்கைக்கு 43 வயது. கோவையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை. பிள்ளைகள் இருவர், பெரியவன் பத்தாம் வகுப்பு. மாமியார் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை, பேச்சும் சரியாக வருவதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார். போனில் ஒரு தியானச் செயலியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அவர் கேட்டது இதுதான்: "சன்னதியில் நிற்கும்போதும் மனம் ஆபீஸில்தான் இருக்கிறது. என் மாதிரி ஆளுக்கு அமைதி கிடைக்குமா? கடவுளோடு ஒரு தொடர்பு இருக்கிறது என்று நான் எப்போதாவது உணர்வேனா? இதற்கு ஒரு குரு வேண்டுமா?"

கிடைக்கும் தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் நிம்மதியாக மீதியைப் படிக்கலாம்.

நான் திருவண்ணாமலையில் இருப்பவள். 31 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆறு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டேன். தேவாரமும் திருமந்திரமும் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியவள்தான். ஆனால் அவை எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது எனக்கு ஓரளவு புரிந்தது அந்த ஆறு வருடத்தில்தான். அதனால் படித்ததையும் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் செயலி விஷயத்தை முதலில் பார்ப்போம். கண்ணை மூடினால் அமைதி வரும் என்று நினைத்து உட்கார்கிறோம். வருவதோ கேஸ் புக் பண்ணவில்லையே, பையனுக்கு டியூஷன் பணம் கட்டவில்லையே என்ற நினைப்புகள். உடனே "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறோம். தாயுமானவர் ஒரு பாட்டில் பெரிய பட்டியல் போடுகிறார்: மதயானையை வசப்படுத்தி நடத்தலாம், கரடி, புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம். இன்னும் என்னென்னவோ வித்தையெல்லாம் சொல்லிவிட்டு, சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிற திறம்தான் அரிது என்று முடிக்கிறார். பெரிய யோகியே அரிது என்று சொன்ன ஒன்று மூன்று வாரத்தில் உங்களுக்குக் கைகூடவில்லை என்பதற்காக வருத்தப்பட வேண்டாம். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. மலையின் உச்சியிலிருந்து ஏறத் தொடங்கப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடிவாரம் எங்கே இருக்கிறது? அப்பர் திருவாரூரில் பாடிய ஒரு தாண்டகம் இருக்கிறது. "நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா" என்று தொடங்கும். தன் மனத்தையே கூப்பிட்டு, 'நீ நிலையாக இருக்க விரும்பினால் வா, வழி சொல்கிறேன்' என்கிறார். உங்கள் கேள்வியும் அதேதானே. அவர் சொல்லும் வழியைக் கவனியுங்கள். தினமும் கோயிலுக்குள் போ. விடிவதற்கு முன் அலகிடு, அதாவது பெருக்கு. மெழுகு. பூமாலை கட்டு. வாயாரப் பாடு. தலையாரக் கும்பிடு. கண்ணை மூடி உட்கார் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. மனம் நிலைபெற வேண்டுமானால் துடைப்பத்தை எடு என்கிறார்.

இதை வகுப்பில் நடத்தும்போது 'அலகிடுதல், பெருக்குதல்' என்று அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம், புல் செதுக்கும் கருவி. கோயில் கோயிலாகப் போய் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அவருக்கு இந்த வழியைக் காட்டியவர் அக்கா திலகவதியார். திருவதிகைக் கோயிலில் பெருக்கி, மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர் அவர். சூலை நோயோடு வந்து விழுந்த தம்பியை அந்த அக்காதான் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். தமிழில் பக்தியின் பெரிய கதைகளில் ஒன்று, பெருக்கி மெழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து தொடங்குகிறது.

கைக்கு ஒரு வேலை இருக்கும்போது மனம் தங்குவதற்கு ஒரு இடம் கிடைக்கிறது. காரணம் ஒன்றும் மாயம் இல்லை. கோலம் போடும்போது புள்ளி தப்பினால் உடனே தெரிந்துவிடும். பூத் தொடுக்கும்போது நார் நழுவினால் விரலுக்குத் தெரிந்துவிடும். மனம் ஓடியதும் வேலையே அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. வெறுமனே உட்கார்ந்தால் அப்படி இழுக்க ஆள் கிடையாது. உங்கள் ஊர்ப் பக்கத்திலும் உழவாரப்பணிக் குழுக்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கோயில்களுக்குப் போய்ப் புல் செதுக்கி, ஒட்டடை அடித்து, விளக்குகளைத் தேய்த்துக் கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று வராத ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தூண்டாமணி விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது வரலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட நேரம் இல்லை, மாமியாரை விட்டு நகர முடியாது என்பீர்கள். தெரியும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிலில் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

என் கணவர் விழுந்த முதல் வருடம் முழுதும் நான் எரிச்சலில்தான் இருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். இரவிலும் அலாரம் வைத்து எழுவேன். துணி நனைந்திருக்கும். மாற்றி முடித்துப் படுத்த அரை மணியில் திரும்ப நனைந்திருக்கும். அவர் இடது கையைத் தூக்கி ஏதோ காட்டுவார், எனக்குப் புரியாது. "என்ன வேணும், சொல்லுங்களேன்" என்று கத்துவேன். பேச முடியாதவரிடம் சொல்லுங்கள் என்று கத்தினால் என்ன ஆகும்? அவர் கண்ணில் நீர் வரும். நான் சமையலறைக்குப் போய் அழுவேன். கிரிவலம் போக முடியவில்லையே, கோயிலுக்குப் போக முடியவில்லையே, கடவுள் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாரே என்று தோன்றும். அண்ணாமலையார் கோபுரம் எங்கள் மாடியிலிருந்து தெரியும். அதைப் பார்த்தால்கூடக் கோபம் வந்தது.

ஒரு நாள் துணி அலசிக்கொண்டிருந்தேன். பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டர் நினைவுக்கு வந்தார். காஞ்சிபுரத்தில் துணி வெளுப்பவர். சிவனடியார்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதையே தொண்டாக வைத்திருந்தார். ஒரு குளிர்நாளில் மெலிந்த முதியவர் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். வெளுத்துக் கொடு, ஆனால் பொழுது சாய்வதற்குள் வேண்டும், இது இல்லாமல் குளிர் தாங்காது என்கிறார். இவர் துவைத்து முடிக்கும் நேரம் மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. பொழுதும் சாய்கிறது. ஒரு கிழவரைக் குளிரில் நடுங்க விட்டேனே என்று துடித்து, துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்கிறார். அப்போது அந்தக் கல்லின் பக்கத்திலிருந்து இறைவன் கை நீண்டு அவரைப் பிடித்துக்கொள்கிறது.

கதை எனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு என்னைப் பிடித்தது அவர் பெயர். குறிப்பு அறிந்து தொண்டு செய்பவர், அதனால் திருக்குறிப்புத் தொண்டர். வந்தவர் வாய் திறந்து கேட்பதற்கு முன் அவருக்கு என்ன வேண்டும் என்பதை முகத்திலேயே படித்துவிடுபவர். என் வீட்டில் வாய் திறந்து கேட்க முடியாத ஒருவர் படுத்திருக்கிறார். நான் அவரிடம் வார்த்தை கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறேன். நான் படிக்க வேண்டியது குறிப்பு.

அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். புருவம் சுருங்கினால் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. இடது கால் பெருவிரலை ஆட்டினால் சிறுநீர் வருகிறது. கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனால் போர்வை வேண்டும். கையைத் தூக்கி வாசலைக் காட்டினால், பேப்பர்காரர் வந்துவிட்டாரா என்று கேட்கிறார். முதல் வருடம் முழுதும் நான் கத்தியது இந்தப் பேப்பருக்காகத்தான் என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. அவரைப் படிக்கப் படிக்க என் மனத்தின் இரைச்சல் குறைந்தது. குறைக்க வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை. ஒருவரை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கும்போது நம்மைப் பற்றி நினைக்க மனத்தில் இடம் இருப்பதில்லை.

அப்புறம் ஒரு விடியற்காலை. நான்கு மணி இருக்கும். அவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தியதும் அவர் இடது கை என் முழங்கையைத் தட்டியது. மேலே பாடு என்கிறார். பாடினேன். அந்தச் சில நிமிடம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்குப் போகவில்லை என்ற குறை அன்றோடு போய்விட்டது. அது மட்டும் உறுதியாகத் தெரியும்.

அந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு ஏழு நாள் மூடி வைத்தார்கள். உள்ளே இருந்து அவர் பாடியது குற்றமில்லாத வீணை ஒலி, மாலை நிலா, வீசும் தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். இறைவன் திருவடி நிழல் இப்படி இருக்கிறது என்று ஐந்தைச் சொல்கிறார். ஐந்தும் யாரும் காசு கொடுக்காமல் அனுபவிக்கிற விஷயங்கள். கடவுளோடு தொடர்பு என்றால் ஒளி தெரிய வேண்டும், மணி ஓசை கேட்க வேண்டும் என்று நினைத்துக் காத்திருக்கிறோம். அப்பர் அந்தத் தொடர்பைக் காற்று என்றும் நிலா என்றும்தான் சொல்கிறார். மாலையில் மில்லிலிருந்து வெளியே வரும்போது கேட்டைத் தாண்டியதும் முகத்தில் படும் காற்றை எத்தனை நாள் கவனித்திருப்பீர்கள்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊருக்குக் கிடைத்த கொடை. அதைக் கவனிக்கிற அந்த இரண்டு நொடியை நான் வழிபாடு என்றே சொல்வேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விடியற்காலை மாதிரி தினமும் வரவில்லை. அடுத்த நாளே திரும்பவும் சலிப்பு. ஆறு வருடத்தில் அப்படி எத்தனை முறை வந்தது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சலிப்பு வந்த நாளிலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. முகத்தைப் பார், குறிப்பைப் படி, கையை மெதுவாக வை. இன்றைக்கு அமைதி வந்ததா என்று நீங்கள் தினம் அளந்து பார்க்க வேண்டாம். விதை போட்ட இடத்தைத் தினம் தோண்டிப் பார்த்தால் முளைக்காது.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தொண்டு என்று சொல்லி எல்லாவற்றையும் நீங்கள் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் கணவரைப் பெற்ற தாய். இரவில் ஒருமுறை அவர் எழுந்து புரட்டட்டும். பிள்ளைகள் பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். நான் முதல் வருடம் யாரையும் கேட்காமல் வீறாப்பாக இருந்தேன். அதனால் என் முதுகு போனது, பிள்ளைகளுக்கு அப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் போனது. கேளுங்கள். கேட்பது பக்திக்குக் குறைவு இல்லை.

ஆபீஸ் நினைப்பு விடாமல் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்கு எங்கள் ஊர் ரமண மகரிஷியிடம் ஒரு மருந்து இருக்கிறது. 1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அவரிடம் சில கேள்விகள் கேட்டார். அவர் கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், உங்களைப் போல ஆபீஸ் போய் வந்தவர். மகரிஷி அப்போது பேசுவதில்லை, எழுதித்தான் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில்தான் பின்னால் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம் ஆனது. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் மகரிஷி கேட்கிறார்: ரயில் வண்டி எல்லாப் பாரத்தையும் சுமந்துகொண்டு போகிறது என்று தெரிந்தும், அதில் ஏறிப் போகிற நாம் நம் சின்ன மூட்டையை அதில் இறக்கி வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்? இதை நீங்கள் ஒரு செயலாகவே செய்து பார்க்கலாம். மில்லிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றைய கணக்கு, மேனேஜர் சொன்ன சொல், நாளைய ஜிஎஸ்டி வேலை எல்லாவற்றையும் மனத்தால் ஒரு மூட்டையாகக் கட்டி, மடியிலிருக்கும் பையோடு சேர்த்துக் கீழே வையுங்கள். பஸ் சுமக்கட்டும். நாளைக் காலை அது அங்கேயேதான் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பவும் நினைப்பு வந்தால் அதோடு சண்டை போட வேண்டாம். 'இந்த நினைப்பு யாருக்கு வருகிறது?' என்று ஒவ்வொரு நினைப்பு வரும்போதும் கேட்கச் சொல்கிறார் அவர். 'எனக்கு' என்று பதில் வரும். 'இந்த நான் யார்?' என்று பார்த்தால் மனம் வந்த வழியே திரும்பிப் போகும். இது பெரிய விசாரம், நான் அதில் பழுத்தவள் இல்லை. ஆனால் முதல் பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. "யாருக்கு?" என்று கேட்டதும் நினைப்புக்கும் நமக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும். சன்னதியில் நிற்கும்போது ஆபீஸ் நினைப்பு வந்தால் அங்கேயும் கேளுங்கள். செயலியில் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி தப்பில்லை. அதுவும் மனத்தை அடக்கத் துணை செய்யும் என்றே அந்தப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் அந்த அடக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றும் சொல்கிறது. அதனால் பயிற்சி முடித்து எழுந்ததும் திரும்ப எரிச்சல் வருகிறதே என்று பயப்பட வேண்டாம்.

மகரிஷியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது அவர் சமையலறையில் செய்த வேலை. பல வருடங்கள் விடிவதற்கு முன்பே எழுந்து வந்து ஆசிரமத்துச் சமையற்கட்டில் காய் நறுக்கியிருக்கிறார், அரைத்திருக்கிறார், இலை தைத்திருக்கிறார். கீழே சிந்தின அரிசியைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். காயின் தண்டையும் தோலையும் வீணாக்க விடமாட்டார். எல்லாருக்கும் கொடுக்காத எதையும் தனக்கு மட்டும் வைத்தால் ஏற்கமாட்டார். வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களிடம், காட்டுக்குப் போனாலும் மனம் கூடவேதான் வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். காலையில் மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிற உங்கள் சமையலறையும் அந்தச் சமையற்கட்டுக்கு உறவுதான். வெங்காயம் நறுக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் டிவி, போன் இரண்டையும் அணைத்துவிட்டு வெங்காயத்தை மட்டும் நறுக்குங்கள். வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் பஸ் பயணம் எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. நேரம் இருந்தால் பூசலார் செய்ததைச் செய்யலாம். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை, கேட்டும் கிடைக்கவில்லை. மனத்திலேயே கட்டினார். ஏதோ கனவு மாதிரி ஒரே நாளில் எழுப்பவில்லை. பொருள் சேர்த்தார், தச்சரைக் கூட்டி வந்தார், நாள் பார்த்துக் கடைக்கால் போட்டார், இரவெல்லாம் தூங்காமல் ஒவ்வொரு வரிசையாக எழுப்பினார், சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் கட்டினார். குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளைத்தான் காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ அரசனும் குறித்திருந்தான். இறைவன் அரசன் கனவில் வந்து, அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றாராம். இன்றைக்கும் திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. உங்களுக்குப் பழக்கமான ஒரு கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பேரூரோ மருதமலையோ. செருப்பைக் கழற்றுவதிலிருந்து ஒவ்வொரு படியாக மனத்தில் நடந்து போங்கள். கல்லின் சூடு, விபூதி வாசனை, மணி. எங்கே விட்டுப்போகிறதோ அங்கிருந்து திரும்பத் தொடங்குங்கள். கணவரை விட்டு நகர முடியாத வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் கோயில் இப்படித்தான் கிடைத்தது.

நாளுக்கு நடுவில் இரண்டு நிறுத்தம் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு பாத்திமா அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது இது. ஐந்து வேளைத் தொழுகை. அடுப்பில் எது இருந்தாலும் தீயைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். "வேலை முடிந்த பிறகு தொழலாம் என்று நினைத்தால் வேலை என்றைக்கு டீச்சர் முடியும்?" என்பார். நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரம் அப்படி ஒரு நிறுத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் வீடு திரும்ப ஏழு மணி ஆகும் என்றால் ஏழு மணிக்கே ஏற்றுங்கள், அதில் தோஷம் ஒன்றும் இல்லை. ஏற்றிவிட்டு உடனே திரும்பாமல் சுடர் ஆடி அடங்கும்வரை நில்லுங்கள். காலையில் போனைத் தொடுவதற்கு முன் இன்னொரு நிறுத்தம். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கடைசியாகத் திருமூலர். "யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை" என்ற பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, எதுவும் இல்லையென்றால் ஒரு இனிய சொல். யாராலும் முடியும், யாவர்க்கும் ஆகும் என்று நான்கு முறை சொல்கிறார். நேரம் இல்லாதவர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் இதன் வழிதான். தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது. நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வருவேன், நிறைந்தால் ஒரு தூக்கில் கொட்டி வைப்பேன். தைப்பூசத்துக்கு வடலூர் போகும் தெருக்காரர்களிடம் கொடுத்து அனுப்புவேன். வள்ளலார் 1867இல் அங்கே தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. என் வீட்டு அரிசி அந்த உலையில் வேகும் என்று நினைக்கும்போது, வாசலைத் தாண்ட முடியாத அந்த வருடங்களிலும் நான் தனியாக இல்லை என்று இருந்தது. தொடர்பு, தொடர்பு என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த தொடர்பு இந்த ஒரு பிடியில் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. தூக்கமே வரவில்லை, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பாட்டும் விளக்கும் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வருடக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது வருவது சகஜம். எனக்கும் வந்தது, ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதனால் என் பக்தி குறைந்துவிடவில்லை. மாத்திரையால் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததால் காலையில் பாட முடிந்தது.

குரு வேண்டுமா என்று கேட்டீர்கள். தானாக அமைந்தால் நல்லது. தேடி அலையவோ, கடன் வாங்கி முகாமுக்குப் பணம் கட்டவோ இப்போது உங்கள் வீட்டு நிலைமையில் தேவையில்லை. உங்கள் மாமியார் எந்த ஊர், அந்தக் காலத்தில் விளக்கேற்றும்போது என்ன பாடுவார் என்று உங்கள் கணவரிடம் இன்று இரவு கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவருடைய அக்கா, அத்தை யாருக்காவது போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நாளைக் காலை மாமியாருக்கு முகம் துடைத்துவிடும்போது அந்தப் பாட்டின் முதல் அடியை மட்டும் பாடிவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள்.